தனி மேஜை

பிப்ரவரி 3

சின்னவளுக்கு,

தொலைபேசியில் அழைத்தால் நீ எடுக்க மாட்டாய். எடுத்தாலும் சற்று நேரத்தில் இருவரும் குரலை உயர்த்தியிருப்போம். உன் அண்ணனிடம் சொல்லி அனுப்பலாம் என்றால், அவர் நான் சொல்வதற்கும் தலையாட்டுவார், நீ சொல்வதற்கும் தலையாட்டுவார். ஆகவே கடிதம்.

உங்கள் தொழிற்சாலையில் அடுத்த வாரம் ஓர் ஊட்டச்சத்துத் திட்டம் தொடங்குகிறார்கள். நீங்கள் தைக்கும் சட்டைகளை வாங்கும் கம்பெனி அதற்குச் செலவு செய்கிறது. மதியம் சூடான சாப்பாடு, அதோடு இரும்புச்சத்து மாத்திரை, மாதம் ஒருமுறை விரல் நுனியில் ரத்தம் எடுத்துப் பரிசோதனை. ரத்தத்தில் ஹீமோகுளோபின் அளவு பன்னிரண்டுக்குக் கீழே உள்ள பெண்களுக்குத் தனி மேஜை. அங்கே கூடுதலாக முட்டை, கீரை, ஈரல். என்னென்ன உணவு என்று முடிவு செய்ததும், மாதாமாதம் பரிசோதனை முடிவுகளைப் பார்த்து அறிக்கை எழுதப்போவதும் நான். வேறு யாராவது சொல்லி நீ தெரிந்துகொள்வதைவிட நானே சொல்லிவிடுவது நல்லது.

தனி மேஜை வேண்டாம் என்று கூட்டத்தில் சொன்னேன். கூடுதல் உணவு சரியான ஆளின் வயிற்றுக்குத்தான் போகிறது என்று எப்படி உறுதி செய்வது என்று கேட்டார்கள். பதிலுக்குக் காத்திராமல் அடுத்த விஷயத்துக்குப் போய்விட்டார்கள்.

இந்த மாதிரித் திட்டங்களில் எனக்குப் பெரிய நம்பிக்கை கிடையாது. முதல் மாதம் புகைப்படம் எடுப்பார்கள், போகப் போக முட்டை சிறுத்துவிடும். ஆனாலும் சாப்பாடு சாப்பாடுதான்.

வாலு எப்படி இருக்கிறாள்? உன் மகளைப் பற்றி நான் கேட்கக் கூடாது என்று அன்றைக்குச் சொன்னாய். கேட்கிறேன். அவள் படிப்பை நிறுத்தி நீ சூப்பர்வைசராக இருக்கும் லைனிலேயே தைக்க உட்காரவைத்ததைப் பற்றி மறுபடி பேசப் போவதில்லை. நான் அவள் கல்யாணத்துக்கு வராததைப் பற்றியும் பேசப் போவதில்லை. என் வீட்டில் தங்கிப் படித்த காலத்திலேயே அவளுக்கு ரத்தம் குறைவு. அது மட்டும் உன் நினைவில் இருக்கட்டும்.

அண்ணி


பிப்ரவரி 13

அண்ணிக்கு,

கடிதம் கிடைத்தது. பிரித்ததும் முதலில் எங்கே என் பிழையைத் திருத்தியிருக்கிறீர்கள் என்று தேடினேன். நீங்கள் எழுதினால் எனக்கு அந்தக் காலத்துப் பள்ளிக்கூட நினைப்பு வந்துவிடுகிறது.

உங்கள் சாப்பாடு வந்துவிட்டது. குறை சொல்ல மாட்டேன், நன்றாகவே இருக்கிறது. இத்தனை நாள் காலையில் கட்டிக்கொண்டு வந்ததை மதியம் மோந்து பார்த்துவிட்டுச் சாப்பிட்டவர்கள் நாங்கள். முதல் நாள் பருப்பில் ஆவி பறந்ததைப் பார்த்து, பேக்கிங்கில் இருக்கிற பயில்வான், "அடியேய், வாயைச் சுட்டுக்காதீங்க, பழக்கமில்ல" என்று சத்தம் போட்டாள். அவள் பெண்பிள்ளைதான். பெட்டியைத் தூக்குகிற தூக்கில் அந்தப் பெயர் வந்துவிட்டது.

ஆனால் உங்கள் தனி மேஜை இருக்கிறதே, அதற்கு இரண்டாம் நாளே ஐ.சி.யு. என்று பெயர் வைத்துவிட்டார்கள். வாசலுக்கு நேர் எதிரே போட்டிருக்கிறார்கள். மேனேஜர் மதியம் ஒரு சுற்று வருவார். எல்லா மேஜைகளையும் தாண்டிப் போவார், அங்கே மட்டும் நிற்பார். யார் யார் என்று பார்ப்பார். போன வருஷம் ஆர்டர் குறைந்தபோது, லைனில் மயங்கி விழுந்தவர்களைத்தான் முதலில் வீட்டுக்கு அனுப்பினார்கள். "ரெஸ்ட் எடுத்துட்டு வாங்கம்மா" என்று சிரித்த முகமாகத்தான் சொன்னார்கள். போனவர்கள் போனவர்கள்தான்.

அதனால் அந்த முட்டை யாருக்கும் தொண்டையில் இறங்கவில்லை. மாத்திரையும் அப்படித்தான். வயிற்றைக் கலக்குகிறதாம், அல்லது கட்டுகிறதாம். லைனுக்கு ஒரே ஒரு பாத்ரூம் டோக்கன். ஒருத்தி போய் வந்தால்தான் அடுத்தவள் போக முடியும். தண்ணீர் குடிக்கவே யோசிக்கிறவர்களிடம் கீரையைக் கொடுத்தால் என்ன செய்வார்கள்?

வாலு நன்றாக இருக்கிறாள். காலர் தைக்கிறாள், வேகமான கை. முதல் பரிசோதனையில் அவளுக்கும் ஐ.சி.யு.தான். அங்கே போய் உட்கார்ந்ததும் லைன் முழுக்க, "சூப்பர்வைசர் பொண்ணுக்கே சத்து இல்லையாம்டி" என்று ஒரே சிரிப்பு. அவள் முகம் தொங்கிப்போனது. "அம்மா, என்னை அங்கேருந்து எப்படியாவது எடுத்து விடும்மா" என்கிறாள். நான் லைனைப் பார்ப்பேனா, இவளைப் பார்ப்பேனா?

உங்கள் நாத்தனார்


மார்ச் 21

சின்னவளுக்கு,

இரண்டாம் பரிசோதனையின் முடிவுகள் வந்திருக்கின்றன. மிகவும் நன்றாக இருக்கின்றன. அதுதான் பிரச்சினை.

உணவு மெதுவாக வேலை செய்கிற பொருள். சரியாகச் சாப்பிட்டு, மாத்திரையையும் ஒழுங்காகப் போட்டுக்கொண்டால்கூட ரத்தம் கொஞ்சம் கொஞ்சமாகத்தான் ஏறும். உங்கள் ஆலையில் அது குதித்து ஏறியிருக்கிறது. அதுவும் பல பெண்களுக்கு ஒரே அளவுக்கு. எல்லோரும் ஒரே தாய் வயிற்றில் பிறந்தவர்கள் மாதிரி பதின்மூன்றைத் தாண்டி நிற்கிறார்கள். வாங்கும் கம்பெனியிலிருந்து எனக்குப் பாராட்டு வந்தது. அதைத் திறந்து படிக்கவே சங்கடமாக இருந்தது.

ரத்தம் எடுக்க வருவது யார்? கருவி பழுதா? வாலுவின் அளவும் பதின்மூன்று என்று வந்திருக்கிறது. என் வீட்டில், என் கண் முன்னால் சாப்பிட்ட நாளிலேயே அவள் அந்த அளவைத் தொட்டதில்லை. சாப்பாடு முடிந்த கையோடு தேநீர் கொடுப்பதாக நீயே முன்பு சொல்லியிருக்கிறாய். தேநீர் குடித்தால் இரும்புச்சத்து உடம்பில் சேராது, நேரத்தை மாற்றுங்கள் என்று எழுதினேன். மேனேஜர் முடியாது என்று பதில் அனுப்பினார். அப்படியிருந்தும் இது எப்படி நடந்தது?

சுற்றி வளைத்துக் கேட்க எனக்குத் தெரியாது. உனக்கு ஏதாவது தெரியுமா?

அண்ணி


ஏப்ரல் 2

அண்ணிக்கு,

நல்லது நடந்தால் சந்தேகம், கெட்டது நடந்தால் அறிக்கை. உங்களை எப்படித்தான் திருப்திப்படுத்துவது? நீங்கள் எழுதிக் கொடுத்த சாப்பாட்டைத்தான் சாப்பிடுகிறோம். உடம்பு தேறிவிட்டது. பெருமைப்படுவதை விட்டுவிட்டு மெஷின் பழுதா என்கிறீர்கள்.

ஐ.சி.யு. காலி. கேமராவோடு வெளியிலிருந்து ஆட்கள் வந்தார்கள். காலி மேஜையைப் படம் எடுத்தார்கள். பயில்வானைப் பிடித்து, "எப்படிம்மா இருக்கு உடம்பு?" என்று கேட்டார்கள். அவள், "எனக்கு எப்பவுமே இப்படித்தாங்க" என்றாள். எல்லோரும் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தோம். அவள் விரல் நுனியெல்லாம் பிளாஸ்திரி. கேட்டதற்கு அட்டைப்பெட்டி கிழித்துவிட்டது என்று சமாளித்தாள், பாவம்.

முக்கியமான சேதி வேறு. வாலுவுக்கு மூன்றாம் மாதம். உங்களிடம் முதலில் சொல்லச் சொன்னாள். அவள் மாமியார் முகத்தில்கூடச் சிரிப்பு தெரிகிறது. நீங்கள் அத்தை முறைக்கு ஒரு வார்த்தை வாழ்த்தி எழுதுங்கள். அந்த எண்களை எல்லாம் கொஞ்ச நாள் விட்டுவிடுங்கள், கண் பட்டுவிடப் போகிறது.

உங்கள் நாத்தனார்


ஏப்ரல் 10

சின்னவளுக்கு,

வாலுவுக்கு என் வாழ்த்தைச் சொல். உன் அண்ணன் கடிதத்தை வாங்கி மூன்று முறை படித்தார், பிறகு கண்ணாடியைத் துடைத்தார். நானும் மகிழ்ச்சியாகத்தான் இருக்க வேண்டும். முடியவில்லை.

பயில்வானின் விரல்களைப் பற்றி நீ எழுதியிருக்கத் தேவையில்லை. எழுதிவிட்டாய். விசாரித்துத் தெரிந்துகொண்டேன். உங்களுக்கெல்லாம் முகத்தில் மாஸ்க், தலையில் தொப்பி, தொப்பியின் முன்பக்கம் மெஷின் எண். ரத்தம் எடுக்க வெளியிலிருந்து வரும் பெண் முகத்தைப் பார்ப்பதில்லை, எண்ணைப் பார்த்து எழுதிக்கொண்டு அடுத்த விரலைக் கேட்கிறாள். பயில்வான் ஒவ்வொருத்தியின் தொப்பியையும் மாட்டிக்கொண்டு வரிசையில் வந்து வந்து நின்றிருக்கிறாள். நான் பாராட்டு வாங்கியது ஒரே ஒரு பெண்ணின் ரத்தத்துக்கு. சரிதானே?

இதை நான் இப்போது யாருக்கும் எழுதவில்லை. எழுதினால் என்ன ஆகும் என்று உன் முதல் கடிதத்திலேயே படித்துவிட்டேன். ஆனால் ஒன்று செய். வாலுவை வெளியே ஓர் ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போ. அவள் விரலிலிருந்து, அவள் ரத்தத்தை எடுத்துப் பார்க்கச் சொல். ரத்தம் குறைந்த உடம்பில் குழந்தை வளர்வது சுலபமில்லை. தாய்க்கும் ஆபத்து. பயமுறுத்தவில்லை. இதைப் பார்ப்பதுதான் என் தொழில். இன்னும் நேரம் இருக்கிறது. இந்த வாரமே போ.

அண்ணி


ஏப்ரல் 28

அண்ணிக்கு,

ஆமாம். ஒவ்வொருத்தியின் தொப்பியையும் வாங்கிப் பயில்வானிடம் கொடுத்தது நான்தான். பரிசோதனைக்கு முதல் நாள் ஒருத்தி என் காலைப் பிடித்து அழுதாள். அவள் புருஷன் படுக்கையில், அவள் சம்பளத்தில்தான் அடுப்பு எரிகிறது. பயில்வான், "குடுங்கக்கா அந்தத் தொப்பிய, ஒரு சொட்டுதானே, எனக்கென்ன குறைஞ்சிடும்?" என்றாள். ஒருத்திக்குச் செய்தோம், மறுநாள் வரிசை கட்டி நின்றார்கள். ஊருக்கெல்லாம் செய்துவிட்டு என் மகளை மட்டும் ஐ.சி.யு.வில் உட்கார வைக்கவா? நீங்கள் என் இடத்தில் இருந்திருந்தால் என்ன செய்திருப்பீர்கள் என்று கேட்க மாட்டேன். நீங்கள் என் இடத்துக்கு வரவே மாட்டீர்கள்.

ஆஸ்பத்திரி விஷயம். நான் சொன்னேன். அவள் மாமியார், "கம்பெனியிலயே ரத்தம் பாத்து நல்லா இருக்குன்னு சொல்லிட்டாங்களே, அப்புறம் எதுக்கு அங்கயும் இங்கயும் குத்திக்கிட்டு?" என்கிறார். அந்த அம்மாவிடம் நான் எந்த வாயால் உண்மையைச் சொல்வது? வாலுவும், "சும்மா இரும்மா, நான் நல்லாதான் இருக்கேன்" என்கிறாள். நாக்கு கொஞ்சம் வெளுத்திருக்கிறது. படி ஏறினால் மூச்சு வாங்குகிறது. மாசமான பெண்ணுக்கு இருக்கிறதுதானே?

இப்போது பெரிய ஆர்டர் ஓடுகிறது. யாருக்கும் லீவு கிடையாது. கர்ப்பம் என்று தெரிந்தால் காலரிலிருந்து எடுத்து, சம்பளம் குறைவான நூல் வெட்டும் வேலைக்குப் போட்டுவிடுவார்கள், அதனால் அவள் இன்னும் சொல்லவில்லை. ஏப்ரன் மறைக்கிறது. ஆர்டர் முடியட்டும். முடிந்த மறுநாளே நானே கூட்டிக்கொண்டு போகிறேன். சத்தியம்.

உங்கள் நாத்தனார்


ஜூன் 9

அண்ணிக்கு,

அண்ணன் போனில் சொல்லியிருப்பார். நானும் எழுதுகிறேன். எழுதினால்தான் நடந்தது என்று எனக்கே நம்பிக்கை வரும் போலிருக்கிறது.

வியாழக்கிழமை மதியத்துக்கு முன்னால் வாலு மெஷின்மேலேயே சாய்ந்தாள். காலருக்கு ஊசி இறங்கிக்கொண்டிருந்தது, பக்கத்தில் இருந்தவள் கையை இழுத்துவிட்டாள். தூக்கும்போது நாற்காலி நனைந்திருந்தது. பயில்வான்தான் தோளில் போட்டுக்கொண்டு கேட் வரைக்கும் ஓடினாள். பின்னாலேயே ஓடினேன். கேட்டில் காவலாளி, "அவுட் பாஸ் எங்கே?" என்று கேட்டான். பயில்வான் அவனைப் பார்த்த பார்வையில் திறந்துவிட்டான்.

குழந்தை இல்லை. ஆண் குழந்தை. வாலு இருக்கிறாள். ஆஸ்பத்திரியில் ரத்தம் பார்த்த டாக்டரம்மா, "இவ்வளவு கம்மியா வச்சுக்கிட்டு எப்படிம்மா வேலைக்கு அனுப்பினீங்க?" என்று என்னைக் கேட்டார். ரத்தம் ஏற்றினார்கள். பயில்வான் ஒரு பை கொடுத்தாள். அது வாலுவுக்குச் சேராத வகையாம், வாங்கி வைத்துக்கொண்டு வேறு பை கொடுத்தார்கள்.

மேனேஜர் ஆள் அனுப்பினார். வேலையால் வந்ததில்லை, திட்டத்தின் பரிசோதனையிலேயே ரத்தம் நன்றாக இருந்திருக்கிறது, வீட்டில் ஏதோ நடந்திருக்கும் என்று சொல்லிவிட்டார்கள். பதின்மூன்று இருந்ததாம். நான் வாங்கிக் கொடுத்த பதின்மூன்று.

அண்ணி, கேட்க வாய் வரவில்லை, இருந்தாலும் கேட்கிறேன். அந்த எண்ணை அப்படியே விட்டுவிடுங்கள். நீங்கள் உண்மையை எழுதினால் எல்லாத் தொப்பியும் வெளியே வரும். பயில்வான் போவாள், நான் போவேன், அது பரவாயில்லை. மற்றவர்கள் எல்லோரும் மறுபடி அந்த மேஜையில் உட்காருவார்கள், அங்கிருந்து கேட்டுக்கு வெளியே. என் மகளுக்குப் போனது போய்விட்டது. மீதிப் பேரையாவது விடுங்கள்.

சின்னவள்


ஜூன் 14

சின்னவளுக்கு,

உன் கடிதம் இன்று வந்தது. நேற்றே நான் அனுப்பிவிட்டேன்.

உன் அண்ணன் செய்தியைச் சொன்ன மறுநாள் எழுத உட்கார்ந்தேன். இதுவரை வந்த முடிவுகள் எதையும் நம்ப முடியாது, ஒருவர் ரத்தம் இன்னொருவர் பெயரில் போயிருக்கிறது, முகம் பார்த்து மறுபடி எல்லோருக்கும் எடுக்க வேண்டும் என்று எழுதினேன். யார் பெயரையும் எழுதவில்லை. பெண்கள் ஏன் அப்படிச் செய்தார்கள் என்பதையும் எழுதினேன். தனி மேஜையை எடுங்கள், கூடுதல் உணவை எல்லோருக்கும் கொடுங்கள், ரத்தம் குறைந்தவளை வெளியே அனுப்ப மாட்டோம் என்று எழுத்தில் உறுதி கொடுங்கள், இல்லையென்றால் இந்தத் திட்டத்தில் என் பெயர் வேண்டாம் என்றும் எழுதினேன்.

உன் கடிதம் முந்தி வந்திருந்தால் நிறுத்தியிருப்பேனா? நிறுத்தியிருக்க மாட்டேன் என்றுதான் நினைக்கிறேன். ஏப்ரலில் எனக்குத் தெரிந்துவிட்டது. உங்களைக் காப்பாற்றுவதாக நினைத்துக்கொண்டு இரண்டு அறிக்கைகளில் வாயை மூடிக்கொண்டிருந்தேன். அந்த இரண்டு மாதங்களில்தான் அவளுக்கு ரத்தம் ஏற்றியிருக்க முடியும்.

உன்னைத் திட்ட எனக்கு இனி யோக்கியதை இல்லை. அவளிடம் என்ன சொல்வது என்று தெரியவில்லை. முடிந்தால் அவளைக் கொஞ்சம் வெயிலில் உட்காரவை.

அண்ணி


ஜூலை 22

அண்ணிக்கு,

ஒரு மாதமாக உங்கள்மேல் கோபத்தில் எழுதவில்லை. கோபம் தீரவும் இல்லை. ஆனால் எழுத வேண்டியிருக்கிறது.

மறுபடி ரத்தம் எடுத்தார்கள். மாஸ்க்கைக் கழற்றச் சொல்லி, அடையாள அட்டையை முகத்துக்குப் பக்கத்தில் பிடித்துப் பார்த்து எடுத்தார்கள். பயில்வான் தன் முறைக்கு ஒரே ஒரு தடவைதான் விரலை நீட்டினாள். அந்த விரல்களில் இருந்த ஊசித் தழும்புகளைப் பார்த்துவிட்டு, அன்று சாயங்காலமே அவளை வேலையை விட்டு அனுப்பிவிட்டார்கள். போகும்போது, "அக்கா, இத்தனை பேருக்குப் பரீட்சை எழுதி பாஸாக்கினேன், எனக்கு ஒரு சர்டிபிகேட் கூட இல்ல பாருங்க" என்றாள். சிரிக்கத்தான் சொன்னாள். என்னால் முடியவில்லை. என்னைப் பட்டன் ஸ்டோருக்கு மாற்றிவிட்டார்கள். ஜன்னல் இல்லாத அறை.

பாதிக்கு மேல் ரத்தம் குறைவு. அத்தனை பேரை வீட்டுக்கு அனுப்பினால் யார் தைப்பது? இரண்டு நாள் ஆபீஸ் கதவைச் சாத்திக்கொண்டு பேசினார்கள். நான் என்னென்னவோ நினைத்தேன். டோக்கனை எடுப்பார்கள், தேநீர் நேரத்தை மாற்றுவார்கள், எல்லோருக்கும் முட்டை வரும் என்றெல்லாம். கடைசியில் நோட்டீஸ் போர்டில் ஒட்டினார்கள். பன்னிரண்டு என்பது ரொம்ப அதிகமாம். நம் ஆட்களின் உடல்வாகுக்கு ஒன்பது இருந்தாலே ஆரோக்கியமாம்.

அவ்வளவுதான் அண்ணி. ஒரே நாளில் எல்லோரும் குணமாகிவிட்டோம். ஐ.சி.யு. மேஜையை மடித்து எடுத்துவிட்டார்கள். அதோடு முட்டையும் ஈரலும் போனது. நோய் இல்லாதவர்களுக்கு எதற்கு?

வாலுவுக்கு இப்போது ஒன்பதைக் கொஞ்சம் தாண்டியிருக்கிறது. அதனால் அவளும் ஆரோக்கியம். வருகிற திங்கட்கிழமை வேலைக்கு வரச் சொல்லி ஆள் வந்துவிட்டது. வராவிட்டால் அந்த மெஷினில் வேறு ஆள். "வீட்ல உக்காந்து மாமியாரோட பெருமூச்சைக் கேக்கறதுக்கு மெஷின் சத்தமே மேல்" என்கிறாள். முகத்தில் இன்னும் நிறம் வரவில்லை.

போகலாமா, வேண்டாமா என்று உங்களைக் கேட்டு எழுதச் சொன்னாள். "போனில் கேள்" என்றேன். "போன்ல அத்தை அழுதுட்டா எனக்குத் தாங்காது" என்கிறாள். நீங்கள் அழுது நான் பார்த்ததில்லை, அவள் பார்த்திருக்கிறாளா? எப்படியோ, உங்களைத்தான் கேட்கிறாள். என்னைக் கேட்கவில்லை.

சின்னவள்


ஜூலை 28

சின்னவளுக்கு,

உன் கடிதம் இன்று காலை வந்தது. இன்றே திங்கட்கிழமை. உடனே உன்னை அழைத்தேன். எடுக்கவில்லை. வாலுவை அழைத்தேன், அணைத்து வைத்திருக்கிறாள்.

வேண்டாம். போகக் கூடாது. நோட்டீஸ் போர்டில் என்ன ஒட்டினாலும் அவள் உடம்புக்குத் தெரியாது. இன்னும் சில மாதங்களாவது அவள் சாப்பிட வேண்டும், தூங்க வேண்டும், மாத்திரை போட வேண்டும். இங்கே அனுப்பு. அவள் இருந்த அறை காலியாகத்தான் இருக்கிறது. மாமியாரிடம் நான் பேசிக்கொள்கிறேன். திட்டத்திலிருந்து நான் விலகிவிட்டேன். புது அளவை ஏற்றுக்கொண்டு கையெழுத்துப் போட வேறொருவர் கிடைத்துவிட்டார், அதிக நேரம் தேட வேண்டியிருக்கவில்லை.

அவள் இன்னும் வேலைக்குப் போகாமல் இருந்தால் இதைப் படிக்கட்டும். போயிருந்தால் நாளையே நிறுத்து.

அண்ணி


ஜூலை 31

அண்ணிக்கு,

உங்கள் கடிதம் இன்றுதான் வந்தது. அவள் திங்கட்கிழமையே போய்விட்டாள்.

நீங்கள் அழைத்தபோது எங்கள் போன் கேட்டில் இருந்தது, உள்ளே கொண்டுபோக விடுவதில்லை. சாயங்காலம் உங்கள் பெயரைப் பார்த்தேன். வேண்டாம் என்றுதான் சொல்லப்போகிறீர்கள் என்று தெரியும். நாள் முழுக்க அவள் தைத்துவிட்டு வந்திருந்தாள். அதற்கப்புறம் அதைக் கேட்டு என்ன செய்ய என்று அழைக்காமல் இருந்துவிட்டேன்.

இன்று உங்கள் கடிதத்தைச் சாப்பாட்டு நேரத்தில் அவளிடம் கொடுத்தேன். படித்தாள். மடித்து ஏப்ரன் பையில் வைத்தாள். "அத்தைகிட்ட இந்த ஆர்டர் முடியட்டும்னு சொல்லும்மா" என்றாள்.

அப்படியே என் குரல் அண்ணி. ஏப்ரலில் நான் உங்களுக்கு எழுதினேனே, அதே சொல். எதிரே உட்கார்ந்து அவள் தட்டையே பார்த்துக்கொண்டிருந்தேன். இரண்டு வாய் சாப்பிட்டாள். மணி அடித்தது. எழுந்து போய்விட்டாள்.

நான் சொன்னால் அவள் கேட்க மாட்டாள். நான் சொல்ல முடியாதபடி நானே செய்துகொண்டேன். இனிமேல் எழுதாதீர்கள். எழுதி, அது வந்து, அதற்கு நான் பதில் எழுதி, அதற்குள் என்ன ஆகுமோ. வாருங்கள். என்னிடம் பேச வேண்டாம், கேட்டுக்கு வெளியே நில்லுங்கள். ஷிஃப்ட் முடிந்து வெளியே வரும்போது கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டு போய்விடுங்கள். அவள் கத்தினாலும் விடாதீர்கள்.

சின்னவள்